பதினேழாம் தேதி ஜெபக்குறிப்பு

ஜன்னல் சீட்டு நீங்களே வச்சுக்கங்கம்மா, எனக்கு ஆகாது. காத்து மூஞ்சில அடிச்சா தலை கிறுகிறுன்னு வரும். இந்தப் பையை மட்டும் காலுக்கடியில வச்சுக்கிடுதேன். மேல வைக்க மாட்டேன், எவனாவது மீன்கூடையை அது மேல தூக்கி வச்சிருவான். உள்ள என் கையெழுத்துப் பிரதி இருக்கு. முன்னூத்திப் பன்னெண்டு பக்கம். திருச்சிக்கா போறிய? நானும் திருச்சிதான். அப்ப ஆறு மணி நேரம் ஒண்ணாத்தான் போகணும். பயப்படாதிய, பஸ்ல பக்கத்து சீட்டுக்காரவுககிட்ட தொணதொணக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

கையெழுத்துப் பிரதின்னா என்னன்னு கேக்கியளா? கேக்கலையா? முகத்தைப் பாத்தா கேட்ட மாதிரி இருந்துச்சு. சரி, கேட்டதுக்குப் பதில் சொல்லணும்லா. நான் ஹெப்சிபா டீச்சர். தூத்துக்குடியில நடுநிலைப் பள்ளியில ஆறாம் வகுப்புத் தமிழ். எழுத்தாளரும்தான். எங்க சபை மலர்ல நாலு கவிதையும் ஒரு மீன்குழம்புக் குறிப்பும் வந்திருக்கு. குழம்புக்கு என் பேரைப் போட்டாக, கவிதைக்குப் போடல. அதைச் சொன்னா மதுரை வரைக்கும் போகும், விடுங்க.

பொட்டு வச்சிருக்கிய, நீங்க எங்க ஆளுக இல்ல. பரவாயில்லம்மா, நான் அதெல்லாம் பாக்குறதில்ல.

எனக்கு ஒரே மக. கெத்சியாள்னு பேரு. கெத்சின்னு கூப்பிடுவோம். திருச்சியில நர்சிங் ரெண்டாம் வருஷம் படிக்கா. அவளைப் பாக்கத்தான் போறேன். இருபத்திமூணு நாளா எங்கிட்ட பேசல. இன்னைக்குப் போயி அவ மனசு இறங்கினாத்தான் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருவா. இல்லாட்டி இனிமே அந்த வீட்டுப் படியையே மிதிக்க மாட்டேன்னு அவுக அப்பாகிட்ட சொல்லிட்டா. சொன்னாச் செய்வா. பிடிவாதம் யார்கிட்ட இருந்து வந்துச்சோ, எங்கிட்ட இருந்து வரல, அது நிச்சயம்.

ஏன்னா அவ நான் பெத்த பிள்ளை இல்ல. தத்து எடுத்தது. மெதுவாத்தான் சொல்லுதேன், முன் சீட்டுக்காரருக்குக் கேக்கப்பிடாது. அந்த ஆளு இப்பவே காதைத் தீட்டிக்கிட்டு இருக்காரு.

கல்யாணமாகி பதினோரு வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்ல. நாகர்கோவில்ல இருந்தோம். மாமியா ஒருபக்கம், ஊரு ஒருபக்கம், ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனா ஞானஸ்நானத் தொட்டியைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும். பொறவுதான் மனு எழுதிப் போட்டு, கோர்ட்டு கச்சேரின்னு அலைஞ்சு, முறைப்படி நாப்பது நாள் பிள்ளையா அவளை வாங்குனோம். என் கையில குடுத்தப்ப அவ எம் பெருவிரலைப் பிடிச்சா பாருங்க. விடவே இல்ல. அன்னைக்கு நான் அழுத அழுகைக்கு அந்தக் காப்பகத்து ஆயா எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தாக. அதை அஞ்சாம் அத்தியாயத்துல எழுதியிருக்கேன். அப்புறம் நான் ஆறு மாசம் லீவு போட்டு மதுரையில எங்க அக்கா வீட்ல இருந்துட்டு, மாற்றல் வாங்கி, பிள்ளையும் கையுமா தூத்துக்குடியில வந்து இறங்கிட்டோம். நான் பெத்த பிள்ளைன்னே எல்லாரும் நினைச்சுக்கிட்டாக. கண்ணு அப்படியே டீச்சர் மாதிரின்னு சொன்னவுகளும் உண்டு. பத்தொம்பது வருஷம் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. கெத்சிக்கும் தெரியாது.

எங்க வீட்டுக்காரவுக, பேரு செல்வின், மின்வாரியத்துல இருக்காக, அதிகம் பேச மாட்டாக. ஆனா வருஷாவருஷம் அவ பிறந்தநாள் அன்னைக்கு மட்டும் தவறாம, “பிள்ளைகிட்ட சொல்லிருவோமே ஹெப்சி”ம்பாக. நான்தான் பத்தாம் வகுப்பு முடியட்டும், பன்னெண்டு முடியட்டும், கோயில்ல அவளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை முடியட்டும்னு தள்ளிக்கிட்டே வந்தேன். பயம்மா. என்னை விட்டுட்டுப் போயிருவாளோன்னு பயம். வாயால சொல்ல ஆரம்பிச்சா நான் அழுதுருவேன். எழுத்துன்னா அடிச்சுத் திருத்தலாம்லா? அதான் புத்தகமா எழுதி, அச்சுல வந்த பொறவு அதையே அவ கையில குடுத்துரலாம்னு இருந்தேன். பேரு ‘சுமக்காமல் சுமந்தேன்’. எப்படி இருக்கு? உங்களுக்கே புல்லரிக்கும்.

புத்தகத்துல நான் ரொம்ப ஜாக்கிரதை. எல்லாப் பேரையும் மாத்திட்டேன். கெத்சி அதுல சூசன்னா. நான் லேயாள். தூத்துக்குடியைத் தூக்கிக் கொச்சியில வச்சுட்டேன். எங்க வீட்டுக்காரவுகளை போஸ்ட்மாஸ்டர் ஆக்கிட்டேன். பிள்ளையோட மானம் மரியாதை முக்கியம்மா.

ஜூலை மாசம் ஒரு நோட்டீஸ் வந்துச்சு. எழுத்தூழியர் மாநாடு, அதான் எங்க கிறிஸ்தவ எழுத்தாளருக கூட்டம், குற்றாலத்துல, மூணு நாள். இந்த வருஷத் தலைப்பு ‘புத்திர சுவிகாரம்’. அதாவது தத்தெடுக்குறதை எங்க ஜெபத் தமிழ்ல அப்படிச் சொல்லுவோம். தத்து எடுத்த எழுத்தாளருக, எடுக்கப் போறவுக, எடுக்கணும்னு மனசுல பாரம் உள்ளவுக, அதையெல்லாம் அச்சுப் போடுற பத்திரிகை ஆசிரியருக, எல்லாரும் வாராகன்னு போட்டிருந்துச்சு. ஆண்டவர் எனக்குன்னே அடிச்ச நோட்டீஸ் மாதிரி தோணிட்டு. சீசன் வேற.

போயி இறங்குனா ஒரே ஸ்தோத்திரம்தான். கழுத்துல ஆளுக்கொரு அட்டை மாட்டிவிட்டாக. அதுல பேரு, ஊரு, எத்தனை பிள்ளை தத்து, எத்தனை புத்தகம். நான் ‘ஒண்ணு, சைபர்’னு எழுதி மாட்டிக்கிட்டேன். பக்கத்துல ஐசக் தேவபிச்சைன்னு ஒரு பாளையங்கோட்டைக்காரர். அவரு அட்டையில ‘மூணு, அஞ்சு’. மூணு பிள்ளைக்கு எப்படிண்ணே அஞ்சு புத்தகம்னு கேட்டேன். மூத்ததுக ரெண்டுக்கும் ரெண்டாம் பாகம் வந்திருக்கு சகோதரின்னாரு. சாத்தான்குளத்துல இருந்து வந்த ஒரு அம்மா அட்டையில ‘சைபர், நாலு’. தத்தே எடுக்கல. தத்துப்பிள்ளையை வளர்க்கிறது எப்படின்னு நாலு புத்தகம் போட்டிருக்காக. எனக்கு அறிவுரை வேற.

தேநீர் நேரத்தைப் பாக்கணுமே. ஐக்கிய நேரம்னு பேரு போட்டிருந்தாக. ஆனா எல்லாரும் ஒருத்தர்கிட்ட பேசிக்கிட்டே அடுத்தவுக தோளுக்கு மேல எட்டிப் பாக்காக, எந்த ஆசிரியர் தனியா நிக்காருன்னு. சேலை எங்க எடுத்தியன்னு கேக்க மாதிரி, “உங்களுக்குப் பிள்ளை எங்க கிடைச்சுது சகோதரி?”ன்னு கேக்காக. ஒருத்தி பஸ் ஸ்டாண்டுங்கா. ஒருத்தி ஆஸ்பத்திரி வாசல்ங்கா. தேவபிச்சை, “என் ரெண்டாவது பையன் தண்டவாளத்து ஓரம்”னு சொன்னாரு பாருங்க, சுத்தி நின்ன நாலு ஆசிரியரும் டீயைக் கீழ வச்சுட்டாக. நான் “காப்பகத்துல, முறைப்படி”ன்னேன். “ஸ்தோத்திரம்”னு சொல்லிட்டு வடையை எடுக்கப் போயிட்டாக.

மறுநாள் காலையில அந்த மனுசன் தன் கடைசிப் பிள்ளையை மேடையில ஏத்திட்டாரு. எட்டு வயசுப் பொம்பளைப்பிள்ளை. மனப்பாடமா, “நான் தள்ளப்பட்டேன், தெரிந்தெடுக்கப்பட்டேன்”னு ஒப்பிச்சுட்டு நடுவுல கொட்டாவி விடுது. ஜனங்க கண்ணைத் துடைக்காக. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சும்மா. ஒரு பிள்ளையோட பிறப்பைப் போயி இப்படி ஊருக்கெல்லாம் கடை விரிக்கலாமா? அது என்ன பொருட்காட்சியா? நான் அப்படிச் செய்வேனா? என் பிரதியில கெத்சியோட போட்டோ வெறும் ஏழுதான் ஒட்டியிருந்தேன். அதுலயும் கண்ணுக்கு மேல கறுப்புக் கோடு போட்டிருந்தேன்.

நான் குறி வச்சது ஒரே ஒருத்தரைத்தான். ரூபவதி அம்மா. ‘பாலைவனப் பன்னீர்’னு மாதப் பத்திரிகை, அவுகதான் ஆசிரியை, பதிப்பகமும் வச்சிருக்காக. பதினாலாயிரம் பிரதி போகுது. ஊர் ஊரா ஜெபக்குழு அதை வச்சுத்தான் நடக்கு. அவுகளை நெருங்க முடியல. சாப்பாட்டுப் பந்தியில அவுக இலைக்கு இந்தப் பக்கம் மூணு பேரு, அந்தப் பக்கம் மூணு பேரு. தேவபிச்சை அவுக கைப்பையைத் தூக்கிக்கிட்டே திரியுதாரு. ஆனா அந்த ஆளு வர முடியாத இடம் ஒண்ணு இருக்குல்லா? ரெண்டாம் நாள் மத்தியானம் அம்மா ஐந்தருவிக்குக் குளிக்கப் போறாகன்னு கேள்விப்பட்டேன். பொம்பளைக பக்கம். எனக்கு ஜலதோஷம் வேற. ஆண்டவரே பெலன் தாரும்னு மாத்துச்சேலையை எடுத்துக்கிட்டு ஓடினேன்.

அருவிக்குள்ள இடிச்சுப் பிடிச்சு அவுக பக்கத்துலயே போயி நின்னுட்டேன். தலையில தண்ணி உலக்கை மாதிரி இடிக்கி. நான் என் சாட்சியை, அதான் ஆண்டவர் எனக்குப் பிள்ளை தந்த கதையை, ஆரம்பத்துல இருந்து கத்திச் சொல்லுதேன். அவுக கையை ஆட்டி ஆட்டித் தள்ளி நில்லுங்காக. நான் விடல. வெளிய வந்து பாறையில உக்காந்து அவுக தலையைத் துவட்டுன நேரம், ரெண்டு நிமிஷம் கிடைச்சுது.

“பிள்ளை எங்க கிடைச்சுது?”ன்னாக.

“காப்பகத்துலம்மா. மனு போட்டு.”

“ஆரம்பம் சப்புன்னு இருக்கே. மழை கிழை ஒண்ணும் பெய்யலையா?”

நல்ல வெயில்மா அன்னைக்கு. ஆனா பெரிய அனுபவஸ்தங்க சொல்லும்போது தட்டப்பிடாது. அன்னைக்குச் சாயங்காலமே முதல் அத்தியாயத்துல ஒரு மழையைப் போட்டுட்டேன். இடியோட.

அப்புறம் சும்மா பேச்சுக்குக் கேக்க மாதிரி, “மகளுக்கு இப்ப என்ன வயசு? எப்படி எடுத்துக்கிட்டா?”ன்னாக. பத்தொம்பதும்மா, இன்னும் அவளுக்கே தெரியாதுன்னேன்.

துண்டு அப்படியே நின்னு போச்சு. ஈரத்தலையோட என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாக. “தெரியாதா? பத்தொம்பது வருஷமாவா? ஏம்மா, இதை முதல்லயே சொல்ல வேண்டாமா? இதுதாம்மா புத்தகம்!”ன்னாக. எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. பிரதியைத் தரட்டான்னு கேட்டேன். “முன்னூறு பக்கம் வாசிக்க எனக்கு எங்கம்மா நேரம்? ஒரு ஜெபக்குறிப்பா எழுதித் தாங்க. நான் ஜெபிச்சுட்டுச் சொல்லுதேன்”ன்னாக.

உங்களுக்கு ஜெபக்குறிப்புன்னா என்னன்னு தெரியாதுல்லா. எங்களுக்கு ஒரு கஷ்டம், ஒரு தேவைன்னா அதை நாலு வரியா எழுதிக் குடுப்போம், மத்தவுக அதை வாசிச்சு நமக்காக முழங்கால் போடுவாக. நல்ல பழக்கம். யாரு வீட்டுல என்ன நடக்குன்னு வம்பு பேசினா பாவம். அதையே ஜெபிக்கணும்னு சொன்னா பாவம் இல்ல.

மூணாம் நாள் காலையில எல்லாருக்கும் ஒரு மஞ்சள் சீட்டு குடுத்தாக. எழுதிக் கூடையில போடணும். அங்க வந்திருக்க எல்லாருக்கும் தெரியும், ஆசிரியருக வாசிக்கிற ஒரே காயிதம் அதுதான்னு. அதனால ஆளுக்காளு குனிஞ்சு எழுதுதாக. தேவபிச்சை எழுதுனதை எட்டிப் பாத்தேன். ‘என் ஆறாவது நூலின் அட்டைப்படம் பல வண்ணத்தில் வர ஜெபிக்கவும்.’ வெக்கங்கெட்ட மனுசன்.

நான் எழுதுனது எனக்கு மனப்பாடம். ‘பத்தொன்பது ஆண்டுகளாகத் தத்துப்பிள்ளை என்று தெரியாமலே எங்களிடம் வளரும் மகளுக்கு ஏற்ற வேளையில் உண்மை தெரியவும், அதைப் பற்றிய நூல் நல்ல பதிப்பாளர் மூலம் வெளிவரவும் ஜெபிக்கவும்.’ எழுதிட்டேன். கீழ பேரு எழுதணும். லேயாள், சூசன்னா, கொச்சின்னு எழுத பேனாவை வச்சேன். பாதி எழுதினதும் ஒரு யோசனை வந்துச்சும்மா. புத்தகத்துல பேரை மாத்தலாம், அது மனுசன் வாசிக்கிறது. ஜெபத்துல மாத்தலாமா? ஆண்டவர்கிட்டயே கள்ளப்பேரா? அப்புறம் கொச்சியில ஒரு சூசன்னாவுக்குப் போயி ஆசீர்வாதம் இறங்கிட்டுன்னா நான் யார்கிட்ட போயி முறையிட? அடிச்சுட்டு, ஹெப்சிபா செல்வின், மகள் கெத்சியாள், தூத்துக்குடின்னு தெளிவா எழுதினேன். பின்கோடும் போட்டேன்.

செப்டம்பர் இதழ் நாலாம் தேதி தபால்ல வந்துச்சு. அதுல நடுப்பக்கத்துல ஜெப நாள்காட்டி உண்டு. தேதிக்கு ஒரு குறிப்பு. ஒண்ணாந்தேதி ஒரு மூட்டுவலி, ரெண்டாந்தேதி ஒரு வழக்குன்னு பாத்துக்கிட்டே வாரேன், பதினேழாந்தேதியில எம் பேரு! அச்சுல! கட்டம் கட்டி! தேவபிச்சை அட்டைப்படம் இருபத்தொம்பதாந்தேதியில கீழ கிடக்கு, பொடி எழுத்துல. நான் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு அடுக்களைக்கும் முன்வாசலுக்கும் நடக்கேன்.

எங்க வீட்டுக்காரவுக வாங்கி வாசிச்சாக. ரெண்டு தரம் வாசிச்சாக. அப்படியே தரையில உக்காந்துட்டாக. “பதினேழுக்கு இன்னும் பதிமூணு நாள் இருக்கு. சட்டையைப் போடுதேன், கிளம்பு. இன்னைக்கே திருச்சிக்குப் போயி நம்ம வாயால சொல்லிருவோம்”ன்னாக. அந்த மனுசன் அவ்வளவு நீளமா பேசி நான் கேட்டதே இல்ல. நான்தான் சொன்னேன், ஆண்டவர் சித்தம் இல்லாம அச்சுல வருமா, ரூபவதி அம்மா ஜெபிச்சுட்டுச் சொல்லுதேன்னு சொல்லியிருக்காக, அவசரப்பட்டா புத்தகம் கெட்டுப் போயிரும்னு. கெத்சி எங்க பத்திரிகை வாசிக்கா? அவ வாசிக்கிறது போனைத்தான்.

அந்த ஞாயிறு கோயில்ல பாக்கணும் நீங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டியே டீச்சர்னு ஒருத்தி. பக்கத்து வீட்டுப் பெருவிளை அக்கா கட்டிப்பிடிச்சு அழுதாக. ஐயரே, எங்க பாதிரியாரை அப்படித்தான் சொல்லுவோம், ஆராதனை முடிஞ்சு என் தலையில கை வச்சாக. எல்லாரும் ஒரே மாதிரி சத்தியம் பண்ணினாக, பிள்ளை காதுக்குப் போகாது டீச்சர், எங்க பிராணன் போனாலும் சொல்ல மாட்டோம்னு. அப்படியே காப்பாத்துனாகம்மா. பதினாலாயிரம் வீட்டுக்குத் தெரியும், ஒருத்தர் அவகிட்ட மூச்சு விடல. இந்தக் காலத்துல அப்படி ஜனங்க எங்க இருக்காக?

விதி என்னன்னா, அவ விடுதிக்கும் அந்தப் பத்திரிகை போகுது. காலம்பற அஞ்சரைக்குப் பிள்ளைகளுக்கு ஜெபம். நாளுக்கு ஒருத்தி நின்னு அன்னைக்குள்ள குறிப்பைச் சத்தமா வாசிக்கணும். பதினேழாந்தேதி முறை யாரோடது? கெத்சியோடது.

வார்டன் அம்மா எனக்கு போன் பண்ணிச் சொன்னாக. ‘மகள் கெத்சியாள், தூத்துக்குடி’ங்கிற இடம் வந்ததும் நிறுத்தினாளாம். நாப்பது பிள்ளைகளும் தலையைத் தூக்கிப் பாத்துச்சுகளாம். அப்புறம் திரும்ப முதல் வரியில இருந்து மெதுவா ஒருக்கா வாசிச்சாளாம். வாசிச்சு முடிச்சுட்டு, “ஜெபிப்போம்”னு சொல்லிட்டு முழங்கால் போட்டாளாம். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையாம். எந்திரிச்சுப் போயி யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு வார்டு டூட்டிக்குப் போயிட்டாளாம். எப்படி வளர்த்திருக்கேன் பாத்தியளா? வாசிப்புல ஒரு தடுமாத்தம் இல்ல. தமிழ் டீச்சர் மகல்லா!

சாயங்காலம் அவுக அப்பாவுக்கு போன் பண்ணியிருக்கா. எனக்குப் பண்ணல. ஒண்ணே ஒண்ணு கேட்டாளாம். “தத்துப்பிள்ளைங்கிறது எனக்கு வருத்தம் இல்லப்பா. எனக்கு முந்தி எத்தனை பேருக்குத் தெரியும்?” இவுக சும்மா இருக்க வேண்டியதுதானே? பதினாலாயிரம்னு சொல்லிட்டாக. பொய் சொல்லத் தெரியாத மனுசனைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு. அன்னையில இருந்து என் போனை எடுக்கல. இருபத்திமூணு நாள். காலையில அவளுக்குக் குட்மார்னிங் அனுப்புதேன், ரெண்டு கோடு நீலமா மாறுது, பதில் இல்ல. அவ படுக்கையை உதறி உதறிப் போடுதேன், யாரு படுக்கா அதுல? சோறு இறங்க மாட்டேங்கு. உள்ளதைச் சொல்லுதேன், எனக்கு அவ இல்லாட்டி ஒண்ணும் இல்லம்மா.

போன வாரம் ரூபவதி அம்மாவே கூப்பிட்டாக. குறிப்புக்கு அவ்வளவு கடிதம் வந்திருக்காம். புத்தகம் போடுதேன், ஆனா கடைசி அத்தியாயம் இல்லையே, பிள்ளை உங்களைக் கட்டிப்பிடிச்சு அழுற மாதிரி ஒண்ணு வேணும், போட்டோவோடன்னாக. அதுக்காக நான் போகல. நீங்க அப்படிப் பாக்காதிய. பிள்ளைக்காகத்தான் போறேன். நோட்டு சும்மா எடுத்துட்டு வந்தேன், பேனாவும்.

மேலூர் தாண்டிட்டா? முறுக்கு எடுத்துக்கங்க, வீட்ல சுட்டது.

கெத்சி நேத்து அவுக அப்பா மூலமா ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கா. “அம்மா வரட்டும். ஆனா வீட்டுல இருந்து கிளம்பி என் முன்னால வந்து நிக்கிற வரைக்கும் என்னைப் பத்தி ஒரு ஆளுகிட்ட வாய் திறக்காம வரணும். ஒரே ஒரு நாள் என் கதை எங்கிட்ட மட்டும் இருக்கட்டும். அவங்களால அது முடிஞ்சா கிறிஸ்துமஸுக்கு வாரேன். முடியாட்டி, எனக்காக ஜெபிச்சுக்கிட்டு அங்கேயே இருக்கட்டும்.” கேட்டியளா? தாய்க்கே நிபந்தனை! இதென்ன பெரிய மலையா? நான் என்ன ஓட்டை வாய்க்காரியா? எங்கிட்ட வந்து மூணு பேரு கேட்டாக பஸ் ஸ்டாண்டுல, எங்க போறிய டீச்சர்னு. சும்மா இப்படிக்கான்னேன். உதட்டைக் கடிச்சுக்கிட்டு வந்துட்டேன்.

என்ன அப்படிப் பாக்கிய? உங்ககிட்ட சொன்னதா? நீங்க யாரோ, நான் யாரோ. உங்க பேரு எனக்குத் தெரியுமா? பழகுன ஆளுகிட்ட சொன்னாத்தான் சொன்னது. இது சும்மா வழிப்பேச்சு. திருச்சியில இறங்குனா நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

இருங்க, போன் அடிக்கு. ஐயோ, அவதாம்மா! அவளே கூப்பிடுதா! ஆண்டவரே ஸ்தோத்திரம்.

ஹலோ, மக்கா!... ஆமா மக்கா, விராலிமலை கிட்ட வந்துட்டு... சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா?... இல்லட்டி. ஒருத்தர்கிட்ட சொல்லல. சத்தியமா. வாயே திறக்கல, வேணும்னா அப்பாகிட்ட கேளு... பக்கத்துலயா? யாரோ ஒரு அம்மா. ஜன்னல் சீட்டு. தூங்கிக்கிட்டே வாராக, பாவம்... எதுக்கு? அவுககிட்ட எதுக்குட்டி போனைக் குடுக்கச் சொல்லுதே?... ஏ மக்கா, வச்சிராத. வச்சிராதட்டி. குடுக்கேன், இந்தா குடுக்கேன்.

எம்மா. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமாம். உங்க கால்ல விழுதேன், ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருங்க. தூங்கிட்டேன்னு சொல்லுங்க. அது பொய் இல்லம்மா, அருப்புக்கோட்டைப் பக்கம் கொஞ்சம் கண்ணசந்திய, நான் பாத்தேன். என் பிள்ளை வீட்டுக்கு வரணும்மா. உங்களுக்கும் பிள்ளை இருக்கும்லா? இந்தாங்க.

என்ன கேக்கா? மெதுவாத்தான் கேக்காளா? தலையை ஆட்டாதிய, அவளுக்கு எப்படித் தெரியும், வாயால சொல்லுங்க. தெரியாது. அவ்வளவுதாம்மா, நாலே எழுத்து. ஏன் சும்மா கேட்டுக்கிட்டே இருக்கிய? என்ன சொல்லுதா அவ்வளவு நேரம்?

ஐயோ! பேரைச் சொல்லிட்டியளே! அழாத கெத்சின்னுட்டியளே! போச்சு, எல்லாம் போச்சு. என்னம்மா இப்படிப் பண்ணிட்டிய? வச்சுட்டாளா? வைக்கலையா? இன்னும் இருக்காளா?

என்ன சொன்னிய? அழாதன்னா சொன்னிய? அழுதாளா அவ? நாப்பது பிள்ளைக முன்னால அழலம்மா அவ. அவுக அப்பாகிட்ட அழல. இப்ப எங்கிட்டயும் சாப்பிட்டியாம்மான்னுதான் கேட்டா. உங்ககிட்டயா அழுதா? நீங்க யாருன்னே அவளுக்குத் தெரியாதேம்மா.